நாலு, ஏழு, அவுக, ஒண்ணு

சென்ற மாதம் திருக்கோகர்ணத்தில் என் வீட்டுக்கு எதிரே டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் வணக்கம் சொல்லி, தான் புதிதாகச் சேர்ந்த கிராம நிர்வாக அலுவலர் என்றார். பேச்சுவாக்கில், "ஒங்க காலத்துல ஓடிபி எல்லாம் கிடையாதுல்ல சார்? நிம்மதியா வேலை பாத்திருப்பீங்க" என்றார். நான் ஓய்வு பெற்று அன்றைக்கு ஒரு வருடம் ஏழு மாதம் நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். நாள்கணக்கு அவருக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் காலத்திலும் ஓடிபி இருந்தது. ஒரு முறை அதைக் கண்மாய்க்கரையிலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை ஆள் மாற்றி ஆள் கூவிக் கொண்டுவந்தோம். தூரம் எழுநூற்று இருபது காலடி. நடந்து எண்ணியது நான்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. பயிர்க்கணக்கான அடங்கல் எழுதவும், எல்லைக்கல் தேடவும், அதன்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரை மரியாதையாக எழுப்பவும் கற்றுக்கொண்டேன். பல வருடம் கழித்து புதுக்கோட்டையில் இரண்டு நாள் கணினிப் பயிற்சி நடந்தது. எட்டுப் பேருக்கு ஒரு கணினி. என் முறை வந்தபோது முதல் நாள் கரண்ட் போனது, இரண்டாம் நாள் சாப்பாட்டு மணி அடித்தது. ஆனாலும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சிட்டா, வருமானச் சான்று, உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போயின. மக்கள் மட்டும் வெளியே நின்றார்கள். இடையில் நாங்கள் நின்றோம்.

அந்த நாட்களில் என் நாட்குறிப்பை அதிகம் நிரப்பியது பிறந்த தேதிகள்தான். என் எல்லைக்குள் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாம் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது காட்ட வேண்டும் என்று வாத்தியார்கள் போட்ட தேதி அது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் எல்லாம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அது ஆதார் அட்டைக்குப் படம் எடுக்க வந்த முகாமில் போட்டது. ஒரு குடும்பத்தில் அம்மாவைவிட மகன் மூன்று வயது மூத்தவராக இருந்தார். முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது. இது எப்படியம்மா ஆகும் என்று கேட்டேன். அந்த அம்மாள் மகனைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அவன் சின்னதுலயே பெரிய மனுஷனாட்டம்தான் பேசுவான் சார்."

மீமிசல் பக்கம் ஒரு வருடம் இருந்தபோது முகத்தைக் காட்டி உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் செயலி வந்தது. போனில் முகம் தெரியும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் உயிருள்ளவர், இல்லாவிட்டால் யாரோ ஒரு புகைப்படம். படகுத் தொழிலை விட்டு வீட்டிலிருந்த ஒரு பெரியவரிடம் என் உதவியாளர், சிமிட்டு என்ற சொல் சட்டென்று வராமல், "கண்ணடிங்க" என்று சொல்லிவிட்டார். பெரியவர் முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஐம்பது வருடத்துக்கு முந்திய லாவகத்தோடு அடித்தார். செயலி ஏற்கவில்லை. திரும்ப அடித்தார். மூன்றாவது தடவை அவர் மனைவி உள்ளேயிருந்து, "எனக்கு ஒரு நாளாவது இம்புட்டு அழகா அடிச்சிருப்பீங்களா" என்று கேட்டார். பெரியவர் சிரித்தார். சிரிப்பில் இரண்டு கண்ணும் தானாக மூடித் திறந்தன. உயிரோடு இருக்கிறார் என்று பதிவானது.

இப்படிப்பட்ட சங்கதிகளை நான் அப்படியே எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு மேலதிகாரி. உதவித்தொகைத் திட்டங்களுக்கான தனி வட்டாட்சியர். நாங்கள் மேடம் என்போம். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். காலை ஒன்பது ஐம்பதுக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையின் இடது மூலையில், முகம் எதிரே இருப்பவருக்குத் தெரியும்படி வைப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. விசாரணை அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் நகர்த்துவார். "நீங்க புரிஞ்சுக்கிட்டது வேண்டாம் சார். அவங்க சொன்னது வேணும்."

முதல் முறை எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மூதாட்டியைப் பற்றி, மகன் வந்து போகிறார், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று எழுதியிருந்தேன். அந்த அம்மாள் என்ன சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள் என்றார் மேடம். எனக்கு நினைவில்லை. திரும்பவும் பதினாலு கிலோமீட்டர் சைக்கிளில் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் சொன்னது: "மகன் வருவான் சார். வந்தா சோறு போடுவேன்." போடுவது யார், சாப்பிடுவது யார் என்பதை நான் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தேன். அறிக்கையைத் திருத்தினேன். அன்றிலிருந்து விசாரணை என்றால் பேச்சை அப்படியே எழுதிக்கொள்வது என் வழக்கமானது. சக ஊழியர்கள் என்னை டேப் ரெக்கார்டர் என்பார்கள்.

இனி நாகம்மாள் கதை. அரிமளத்துக்குத் தெற்கே தைலமரக் காட்டை ஒட்டிய ஊர். ஐப்பசி மாதம், அடைமழை. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் இந்த ஓடிபி விவகாரம் திங்கட்கிழமை தொடங்கியது என்கிறார்கள். என் குறிப்பில் செவ்வாய். திங்கட்கிழமை நடந்தது தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறி பஸ் நின்றது. மழை முடியும்வரை ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஊராட்சி அலுவலகத்தில் தங்கினேன். அங்கே கரண்ட் இருந்தது, கேபிள் வழியாக இன்டர்நெட் இருந்தது. ஆனால் பக்கத்துச் செல்போன் கோபுரம் மழையில் படுத்துவிட்டது. தூரத்துக் கோபுரத்தின் சிக்னல் கண்மாய்க்கரையில், மடைக்கு மேலே நின்றால் மட்டும் கிடைத்தது.

அந்த வாரம் விதவை உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லோரும் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். என் ஊர்களில் மற்ற எல்லோரும் கைரேகை வைத்து முடித்துவிட்டார்கள். மிச்சம் நாகம்மாள் ஒருவர். ஆதனக்கோட்டைப் பக்கம் பல வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டையின் எண்ணெய் விரல்நுனிகளைத் தின்றுவிட்டது. கருவியில் பத்து விரலும் வைத்துப் பார்த்தோம். ஊராட்சிக் கணினியை இயக்கும் ரோஸ்லின், ஆவூர்ப் பக்கத்துப் பெண், பொறுமைசாலி. அவரே கடைசியில், "ஒங்க கையில ரேகையே இல்லம்மா" என்றார். நாகம்மாள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அப்ப எனக்குச் சோசியமும் பாக்க முடியாது" என்றார்.

ரேகை இல்லாதவர்களுக்கு மாற்று வழி ஓடிபி. கணினியில் பட்டனை அழுத்தினால் அவரது போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். மூன்று நிமிடத்துக்குள் அதைக் கணினியில் போட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வாய்ப்பு. போன் கரையில், கணினி ஊருக்குள்.

இந்தப் பணம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். கணவர் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகள் திருப்பூரில். பணம் நின்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு, இனிமேல் தனியாக இருக்கவிட மாட்டேன் என்று மகள் முடிவாகச் சொல்லியிருந்தார். நாகம்மாளிடம் ஏழு ஆடுகள் இருந்தன. "அங்கிட்டு மூணாவது மாடியில வீடு சார். ஆட்டை எங்க கட்டுவேன், லிப்ட்டுலயா?" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கே மூன்று தடவை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கரையில் நிற்க வைத்து, ரோஸ்லின் பட்டனை அழுத்த, நான் வாசலில் நின்று வெள்ளைத் துண்டை ஆட்டினேன். அவர் எண் வந்ததைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக நடந்து வந்தார். பதினோரு நிமிடம். காலாவதி. இரண்டாவது முறை ஒன்பது நிமிடம். முன்னேற்றம்தான், ஆனால் போதாது. போனைக் கிராம உதவியாளர் கருப்பையாவிடம் கொடுத்தால் ஓடி வந்துவிடுவார் என்றேன். நாகம்மாள் போனைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். "போனை யாரு கையிலயும் குடுக்காதீங்க, யாருக்கும் காட்டாதீங்க, நம்பரு வந்தா ஒடனே அழிச்சிருங்கன்னு ஆட்டோவுல மைக் வச்சு நீங்கதான சார் சொன்னீங்க?" ஆமாம், நான்தான் சொன்னேன். ஊரில் ஒருவர் ஏமாந்த பிறகு, இரண்டு நாள், நாலு தெருவிலும் என் குரலிலேயே சொன்னேன். முப்பத்தொரு வருடச் சர்வீஸில் என் அறிவிப்பை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது வாய்ப்பை வீணாக்க வேண்டாம் என்று நிறுத்தினோம். அதை நாளைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் நாகம்மாள். முடியாது என்றார் ரோஸ்லின்.

புதன்கிழமை நான் ஒரு ஏற்பாடு செய்தேன். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். அவர் எண்ணைப் பார்த்துச் சொல்வார். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். முந்திரி எடை போடும் இடத்தில் ஏமாறாமல் இருக்கக் கற்றது. கரைக்குக் கீழே குடை பிடித்து நிற்பது அவருடைய ஓரகத்தி செல்லம்மாள், அதாவது கணவரின் தம்பி மனைவி. நடுவே பம்ப்செட் அருகில் கருப்பையா. அலுவலக வாசலில் நான். ஒருவர் சொல்வதை அடுத்தவர் கூவ வேண்டும்.

துண்டை ஆட்டினேன். மழைச் சத்தத்துக்கு மேலே கருப்பையாவின் குரல் வந்தது. "நாலு! ஏழு! ஒண்ணு! ஒம்போது! ரெண்டு!" நான் திருப்பிச் சொன்னேன். ரோஸ்லின் தட்டினார். பெட்டியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஒன்று குறைகிறது என்று கூவினேன். செய்தி கரைக்குப் போய்த் திரும்பியது. அதே ஐந்து. மூன்று நிமிடம் முடிந்தது.

இரண்டாவது எண்ணில் நாலு இலக்கம்தான் வந்தது. மூன்றாவதில் மறுபடி ஐந்து. அன்றைய கணக்கு முடிந்தது என்று திரையில் சிவப்பாக வந்தது. கல்வெட்டுப் புத்தகங்களில் சிதைந்த எழுத்துக்குப் பதிலாகப் புள்ளி வைத்திருப்பார்கள். நானும் நாட்குறிப்பில் அப்படித்தான் புள்ளி வைத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாததால் எல்லாப் புள்ளிகளையும் கடைசியில் வைத்தேன்.

எண்ணை எங்கே தொலைத்தோம் என்று பார்க்க வேண்டும். எல்லைத் தகராறு விசாரிப்பதுபோல ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போனேன். கருப்பையா, தனக்குக் கேட்ட எண் எதையும் விடவில்லை என்று சத்தியம் செய்தார். "நடுவுல அவுக அவுகன்னு செல்லம்மா என்னமோ சொல்லுச்சு சார். ஒங்களைத்தான் சொல்லுது, அவுக காத்துக்கிட்டு இருக்காகன்னு. அதை எதுக்குக் கூவணும்னு விட்டுட்டேன்."

செல்லம்மாள், "அக்கா சொன்னதைத்தான் சார் சொன்னேன், கூட்டலை கொறைக்கலை" என்றார்.

நாகம்மாளிடம் போனேன். எண்ணை வழக்கம்போல அழித்துவிட்டிருந்தார். ஒரு எண் விட்டுப்போகிறதே அம்மா என்றேன்.

"எதையும் விடலை சார்" என்றார். "அவுகளையும் சேத்துத்தான் சொன்னேன்." முதல் எண்ணை ஞாபகத்திலிருந்து ஒரு தடவை ஒப்பித்தும் காட்டினார்.

இறந்துபோனவரை நினைத்து வேண்டிக்கொண்டு சொல்கிறார் போலிருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். பாவம் என்றும் நினைத்தேன். ஆனால் வழக்கப்படி எல்லோர் பேச்சையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

மாலை நாலே முக்காலுக்குக் கரையில் குடையோடு நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டேன். தன்னால் முடியாது, நாளைக்கு ஐந்து மணி என்றால் தளமே மூடிக்கொள்ளும் என்றார். அந்த அம்மாள் எண்ணைத் தவறாகச் சொல்கிறார் மேடம் என்றேன்.

"தவறான்னு நீங்க சொல்றீங்க. அவங்க என்ன சொன்னாங்க?"

நாட்குறிப்பைப் பிரித்துப் படித்தேன். கருப்பையா சொன்னது, செல்லம்மாள் சொன்னது, கடைசியாக முதல் எண்ணை நாகம்மாள் சொன்ன விதம்: நாலு, ஏழு, அவுக, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு.

அந்த எண்ணை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சார்," என்றார் மேடம், "அந்தம்மா வீட்டுக்காரர் பேரு என்ன?"

"ஆறுமுகம், மேடம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அந்தப் பெயர் இரண்டு நாளாக என் கையிலிருந்த தாளில், கணவர் பெயர் என்ற கட்டத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது. மேடம் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வெகுநேரம் சிரித்தார். நானும் மழையில் நின்று சிரித்தேன்.

பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்தப் பெயர் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பதுதான் தெரியாது. நாகம்மாள் கல்யாணமான நாளிலிருந்து ஆறு என்ற எண்ணை வாயால் சொன்னதில்லையாம். ஆட்டை எண்ணும்போது அஞ்சு, அவுக, ஏழு. மாலை பஸ் அவுக மணி பஸ். சோறு ஆறிப்போனால், சூடு போயிருச்சு. தெற்கே ஓடும் ஆறு, தண்ணி போற எடம். செல்லம்மாளுக்கு ஆறுமுகம் கணவரின் அண்ணன், அதனால் செல்லம்மாளும் சொல்ல மாட்டார். இதெல்லாம் அன்று இரவுச் சாப்பாட்டின்போது கருப்பையாவின் மனைவி சொன்னது. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் போனிலேயே, இந்த ஒரு தடவை மட்டும் சொல்லிவிடச் சொல்லட்டுமா என்று மேடத்திடம் கேட்டிருந்தேன். "சொல்ல வைக்காதீங்க சார்" என்றார். "அவுகன்னா ஆறுன்னு நீங்க எழுதிக்கங்க. மாறிக்க வேண்டியது நாமதான்." பிறகு, இதை வாய்மொழி உத்தரவாகக் குறித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஒத்திகை பார்த்தோம். கருப்பையாவுக்குத்தான் கூச்சம். ஊரே பார்க்க "அவுக" என்று கத்துவது எப்படி என்றார். முதல் தடவை முணுமுணுத்தார். நான் மைக்கில் அறிவிக்கும் குரலில் கத்திக் காட்டினேன். பிறகு அவரும் கத்தினார். "ரெண்டு! அவுக! அவுக! அஞ்சு!" நாகம்மாள் கரைமேல் நின்று சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது இங்கே வரை தெரிந்தது. ரோஸ்லின் விசைப்பலகையில் ஆறாம் எண்மேல் சின்னதாக ஒரு பொட்டை ஒட்டி வைத்தார்.

பிற்பகல் நாலு முப்பத்தெட்டுக்குக் கரண்ட் வந்தது. கணினி விழித்து, தளம் திறந்து, நாகம்மாளின் பக்கம் வருவதற்குள் நாலு நாற்பத்தொன்பது. ஐந்து மணிக்கு மூடிவிடும். ரோஸ்லின் பட்டனை அழுத்தினார். துண்டை ஆட்டினேன். மழை விட்டிருந்தது. கரையில் அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செல்லம்மாளின் குரல், அதன்மேல் கருப்பையாவின் குரல்.

"மூணு! எட்டு! ஒண்ணு! சைபர்! நாலு! ஏழு!"

விரல்விட்டு எண்ணினேன். ஆறு இலக்கம். ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஆறும் வரவில்லை. ரோஸ்லின் பொட்டு ஒட்டிய விசையைத் தொடாமலே தட்டி முடித்தார். வட்டம் சுற்றியது. பச்சையாக ஒரு குறி வந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. இரண்டு கையாலும் துண்டை ஆட்டினேன்.

அவர்கள் இருவரும் வரப்பு வழியாக மெதுவாக வந்தார்கள். ஒப்புகைச் சீட்டை நாகம்மாளிடம் கொடுத்து, இனிமேல் பணம் நிற்காது, மகளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் போட்டார். போனை வெளியே எடுத்து, அழிப்பதற்கு முன் அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தார்.

"ரெண்டு நாளா கூப்புடாமயே வந்தாக" என்றார். "இன்னைக்கி ஊரே கத்திக் கூப்புட்டும் ஆளைக் காணோம்."

"கோவிச்சுக்கிட்டாகளோ என்னமோக்கா" என்றார் செல்லம்மாள்.

"கோவமெல்லாம் இல்லை. இருந்தப்பவும் இப்புடித்தான். காரியம் ஆகுற அன்னைக்கி வீட்டுல இருக்க மாட்டாக."

எண்ணை அழித்துவிட்டு, இருட்டுவதற்குள் ஆட்டைக் கட்ட வேண்டும் என்று வீட்டுக்கு நடந்தார்.